மேடை உங்களுக்கு, ஸ்லைடு யாருக்கு? டெக் மாநாட்டில் பேசும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

புனேயின் ஹிஞ்சவாடியில் ஐடி வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர் கோவில்பட்டி. ஏழு வருட அனுபவம். ஒரு பெரிய உற்பத்தி நிறுவனத்தின் பழைய ஈஆர்பி மென்பொருளைப் புதியதற்கு மாற்றும் புராஜெக்ட்டில் இரண்டு வருடம் ராப்பகலாக உழைத்திருக்கிறார். அதில் கற்றதைச் சொல்லலாம் என்று, நகரில் நடக்கவிருக்கும் ஒரு என்டர்பிரைஸ் சாஃப்ட்வேர் மாநாட்டுக்கு விண்ணப்பித்தார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை மெயில் வருகிறது. ‘உங்கள் உரை தேர்வாகியிருக்கிறது. நேரம் 30 நிமிடம்.’

அம்மாவுக்கு போன் பண்ணிச் சொல்லியாச்சு. லிங்க்ட்இன்னில் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே திங்கட்கிழமை வந்துவிடுகிறது. மேனேஜர் கேட்கிறார்: “கிளையன்ட் பேரு எங்கயும் வராதுல்ல?” லீகல் டீம் கேட்கிறது: “ஸ்லைடு எப்போ அனுப்புவீங்க?” மாநாட்டு அமைப்பாளர்கள் அனுப்பிய படிவத்தின் கடைசி வரி இது: ‘என் உரை, அதன் பதிவு, ஸ்லைடுகள் ஆகியவற்றின் அனைத்து உரிமைகளையும் வழங்குகிறேன்.’ பக்கத்தில் ஒரு டிக் பாக்ஸ்.

இந்தப் பெண் கற்பனை. ஆனால் முதல்முறை மேடை ஏறப்போகிற பலரும் சந்திக்கும் கேள்விகள் இவை. 30 நிமிடப் பேச்சுக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடினால், அது கடைசியில் யாருடையது?

இதெல்லாம் இப்போ ஏன் முக்கியம்?

நாஸ்காம், சின்னோவ் அமைப்புகளின் கணக்குப்படி, 2023-24 நிதியாண்டில் இந்தியாவில் 1,700-க்கும் மேற்பட்ட ஜிசிசி மையங்கள் இருந்தன. வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் தொழில்நுட்ப வேலைகளுக்காக இங்கேயே நடத்தும் சொந்த மையங்கள் இவை. இவற்றில் வேலை பார்ப்பவர்கள் 19 லட்சத்துக்கும் அதிகம். பெங்களூரு, ஹைதராபாத், சென்னையைப் போல புனேவும் இவற்றின் முக்கிய ஊர்களில் ஒன்று.

மறுபக்கம், 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரிய கம்பெனியில் சேர்ந்தால் நிம்மதி என்று நம்பியிருந்த பலரை அந்த அறிவிப்பு உலுக்கியது.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாநாட்டு மேடை வருகிறது. ஓப்பன் சோர்ஸில் வேலை செய்பவர் தன் கோடை கிட்ஹப்பில் காட்டலாம். ஆப் செய்தவர் அதைப் போனில் திறந்து காட்டலாம். ஒரு வங்கிக்கோ தொழிற்சாலைக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ உள்ளே ஓடும் மென்பொருளைக் கட்டுகிறவர் என்ன காட்டுவார்? கோடு கம்பெனியின் ரெப்போவில் இருக்கிறது. கிளையன்ட் பெயரைச் சொல்லக் கூடாது. பத்து வருட உழைப்பு, ‘ஒரு முன்னணி வங்கிக்காகப் பணியாற்றினேன்’ என்ற ஒரே வரியாகச் சுருங்கிவிடுகிறது. பக்கத்து சீட்காரரின் ரெஸ்யூமிலும் அதே வரிதான்.

ஆகவே, என்டர்பிரைஸ் மென்பொருள்காரருக்குத் தன் வேலையைத் தன் பெயரில் பொதுவெளியில் வைக்கக் கிடைக்கும் மிகச் சில வழிகளில் மாநாட்டு உரை ஒன்று. ஒரு உரை வேலைநீக்கத்திலிருந்து யாரையும் காப்பாற்றாது. ஆனால் அடுத்த கதவைத் தட்டும்போது ‘இவருக்கு இது தெரியும்’ என்பதற்கு ஒரு சாட்சி இருக்கும்.

புனேக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

உள்ளே ஓடும் மென்பொருளின் ஊர் என்றே புனேயைச் சொல்லலாம். இன்ஃபோசிஸ் 1981-இல் தொடங்கப்பட்டது புனேயில்தான். பெங்களூருக்குப் போனது பிறகு. அதே 1981-இல் டாடா குழுமத்தின் மென்பொருள் ஆராய்ச்சி மையமான டிஆர்டிடிசி இங்கே உருவானது. 1988-இல் சூப்பர் கம்ப்யூட்டர் கட்டுவதற்காக மத்திய அரசு சி-டாக் நிறுவனத்தை இங்கே அமைத்தது. 1990-இல் நாட்டின் முதல் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் வந்த மூன்று ஊர்களில் பெங்களூரு, புவனேஸ்வருடன் புனேவும் உண்டு. பெர்சிஸ்டென்ட் சிஸ்டம்ஸ் பிறந்ததும் அதே 1990-இல், இதே ஊரில்.

மாநாடுகளும் இந்த ஊருக்குப் புதிதல்ல. பைத்தான் மொழிக்காரர்களின் தேசிய மாநாடான பைகான் இந்தியா 2011-இல் புனேயில் நடந்தது. (2019-இல் அது சென்னைக்கு வந்தது.) 2017-இல் பைகான் புனே என்று தனியாகவே ஒன்று நடத்தினார்கள். எஸ்ஏபி பயன்படுத்துவோர் தாங்களே கூடி நடத்தும் ‘இன்சைட் டிராக்’ சந்திப்புகளும் இங்கே நடந்திருக்கின்றன. எஸ்ஏபி, சேல்ஸ்ஃபோர்ஸ், ஆரக்கிள் போன்றவற்றில் வேலை பார்க்கும் தமிழர்கள் இந்த ஊரில் நிறையவே இருக்கிறார்கள். அரங்கில் உட்கார்ந்து கேட்பதிலும் அவர்கள் இருக்கிறார்கள். மைக் பிடிப்பதுதான் அடுத்த படி.

மேடையில் நிற்பவர்கள் எல்லாரும் ஒரே வழியில் வந்தவர்களா?

இல்லை. அழைப்பிதழில் எல்லாப் பெயரும் ஒரே அளவில் இருந்தாலும், மேடைக்குப் போக நான்கு வாசல்கள் உண்டு.

முதல் வாசல் கீநோட். அமைப்பாளர்களே தேடிப்போய் அழைப்பார்கள். பயணச் செலவு, தங்குமிடம், சில நேரம் சன்மானமும் உண்டு.

இரண்டாவது, ஸ்பான்சர் வாசல். மாநாட்டுக்குப் பணம் தந்த நிறுவனத்துக்கு ஸ்டாலோடு சேர்த்து ஒரு பேச்சு நேரமும் கிடைக்கும். யார் பேசுவது என்பதை அந்த நிறுவனம் முடிவு செய்யும். ‘எங்கள் தளம் உங்கள் பிரச்னையைத் தீர்க்கும்’ என்று முடியும் உரைகள் பெரும்பாலும் இந்த வாசல் வழியாக வந்தவை.

மூன்றாவது, சிஎஃப்பி. ‘பேச விரும்புவோர் விண்ணப்பிக்கலாம்’ என்ற பொது அழைப்பு இது. தலைப்பு, 200 அல்லது 300 சொற்களில் சுருக்கம், உங்களைப் பற்றி நாலு வரி, அவ்வளவுதான். ஒரு தேர்வுக் குழு படித்துப் பார்த்து எடுக்கும். பதவியோ பணமோ இல்லாதவருக்கான நேர்வழி இதுதான்.

நான்காவது, லைட்னிங் டாக். ஐந்து நிமிடம். அன்று காலை பெயர் கொடுத்து அன்று மாலையே பேசலாம். முதல்முறை பேசுகிறவருக்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடையாது.

இந்த நான்கிலும் சேராத ஐந்தாவது வாசல் ஒன்று இருக்கிறது, அது பொறி. ‘உங்கள் சாதனையைக் கண்டு வியந்தோம், உரையாற்ற அழைக்கிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் செலுத்தவும்’ என்று மெயில் வரும். கட்டணம் கேட்பதாலேயே மோசடி என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் பைகானில் பேச்சாளர் உட்பட எல்லோரும் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதே மரபு. ஆனால் அந்த விதி வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது, உதவித்தொகையும் தருகிறார்கள். எனவே சில விஷயங்களைச் சரிபாருங்கள். கடந்த வருட உரைகளின் வீடியோ இருக்கிறதா? தேர்வுக் குழுவில் யார் யார்? நீங்கள் விண்ணப்பிக்காமலேயே ‘தேர்வாகிவிட்டீர்கள்’ என்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் மெயிலை மூடிவிடலாம்.

கம்பெனி ஏன் இவ்வளவு யோசிக்கிறது?

லீகல் டீம் வேண்டுமென்றே இழுத்தடிப்பதாகத் தோன்றும். ஆனால் அவர்களது பயத்துக்கு மூன்று நிஜமான காரணங்கள் உண்டு.

ஒன்று, ரகசிய ஒப்பந்தம். கிளையன்ட்டோடு கம்பெனி போட்ட என்டிஏவை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள். ஆனாலும் அது உங்கள் பேச்சைக் கட்டுப்படுத்தும். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பது பலர் செய்யும் தவறு. ‘சாக்கனில் டூவீலர் செய்யும் ஒரு கம்பெனி’ என்று சொன்னால், புனே அரங்கில் இருப்பவர்கள் இரண்டே ஊகத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஊர், தொழில், அளவு, வருடம் இவற்றில் இரண்டையாவது மங்கலாக்க வேண்டும்.

இரண்டு, காப்புரிமை. ஒரு கண்டுபிடிப்புக்கு விண்ணப்பிக்கும் முன்பே அதைப் பொதுவில் விளக்கிவிட்டால், அது ‘புதியது’ என்ற தகுதியை இழக்கலாம். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970-இன் 31-ஆவது பிரிவு 12 மாத விலக்கு தருகிறது. ஆனால் அது கல்விசார் சங்கத்தின் முன் வாசித்த கட்டுரை, அரசு அறிவித்த கண்காட்சி போன்ற குறுகிய சந்தர்ப்பங்களுக்குத்தான். வணிக மாநாடு அதில் அடங்கும் என்று நம்பி மேடை ஏற முடியாது. அமெரிக்காவில் கண்டுபிடித்தவருக்கு ஒரு வருட அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் அப்படிப் பொதுவான அவகாசமே இல்லை.

மூன்று, பங்குச் சந்தை. நீங்களோ உங்கள் கிளையன்ட்டோ பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால், 2015-ஆம் ஆண்டின் செபி உள்வணிக விதிகள் குறுக்கே வரும். ‘இந்தத் தளத்துக்கு அடுத்த காலாண்டில் மாறுகிறோம்’ என்று நீங்கள் சாதாரணமாகச் சொல்லும் ஒரு வரி, பங்கின் விலையை அசைக்கக்கூடிய வெளியிடப்படாத தகவலாக இருந்துவிடலாம்.

இந்தக் காரணங்கள் நியாயமானவை. நியாயமில்லாதது என்னவென்றால், பதிலே சொல்லாமல் இருப்பது. ‘வேண்டாம்’ என்று யாரும் எழுத்தில் சொல்வதில்லை. மெயில் ஒரு இன்பாக்ஸிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். மாநாட்டின் கடைசி நாள் தாண்டிவிடும். இதற்குத் தேவை ஒரே ஒரு பக்கக் கொள்கை: எதைப் பேசலாம், யார் அனுமதிப்பார், எத்தனை நாளில் பதில் வரும். அது இல்லாத நிறுவனத்தில், விண்ணப்பிக்கும் முன்பே சுருக்கத்தைக் காட்டி எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுவது நல்லது. தேர்வான பிறகு கேட்பதைவிட அது பல மடங்கு சுலபம்.

சரி, பேச்சு யாருடைய சொத்து?

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு திருப்பம் இருக்கிறது. ஸ்லைடும் பேச்சும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல.

பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 17-ஆவது பிரிவின்படி, வேலையின் ஒரு பகுதியாக ஊழியர் உருவாக்கிய படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், முதல் உரிமையாளர் முதலாளிதான். ஆகவே ஆபீஸ் வேலையாக, ஆபீஸ் டெம்ப்ளேட்டில் செய்த ஸ்லைடு பெரும்பாலும் கம்பெனியுடையது. அடுத்த வேலைக்குப் போன பிறகு அதையே எடுத்துப் போட்டுப் பேசினால் சிக்கல் வரலாம்.

ஆனால் அதே பிரிவு, பொது இடத்தில் ஆற்றும் உரைக்கு வேறு விதி சொல்கிறது. உரையாற்றியவர்தான் முதல் உரிமையாளர். இன்னொருவர் சார்பாகப் பேசியிருந்தால், அந்த இன்னொருவர். எனவே நீங்கள் ‘கம்பெனியின் சார்பாக’ மேடை ஏறினீர்களா, தனிப்பட்ட முறையில் ஏறினீர்களா என்பது வெறும் மரியாதை விஷயம் அல்ல. உரிமையே அதைப் பொறுத்து மாறும். ஸ்பான்சர் நேரத்தில் பேசினால் ஒன்று, சிஎஃப்பி வழியாக உங்கள் பெயரில் போய்ப் பேசினால் வேறொன்று.

இன்னொரு சுவாரசியமும் உண்டு. இந்தச் சட்டம் ‘நிகழ்த்துநர்’ யார் என்று ஒரு பட்டியல் தருகிறது. நடிகர், பாடகர், நடனக் கலைஞர், வித்தைக்காரர், பாம்பாட்டி ஆகியோரோடு ‘விரிவுரை ஆற்றுபவர்’ என்றும் அதில் இருக்கிறது. ஆக, மேடையில் ஈஆர்பி பற்றிப் பேசுகிறவருக்கும் நிகழ்த்துநர் உரிமை கோர வழி இருக்கிறது. அந்த உரிமையின் காலம் 50 ஆண்டுகள். அதன்படி உங்கள் உரையை ஒலியாகவோ ஒளியாகவோ பதிவு செய்ய உங்கள் சம்மதம் தேவை. அமைப்பாளர்கள் அந்தப் படிவத்தில் கையெழுத்து கேட்பது இதனால்தான்.

அப்படியானால் கையெழுத்துப் போடக் கூடாதா? போடலாம். வீடியோ வெளியே போவது உங்களுக்கும் நல்லதுதான். ஆனால் ‘அனைத்து உரிமைகளையும் வழங்குகிறேன்’ என்பதற்குப் பதிலாக, ‘பதிவு செய்து வெளியிட அனுமதிக்கிறேன், உரிமை என்னிடமே இருக்கும்’ என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். கேட்டால் மாற்றித் தருகிற அமைப்பாளர்கள் உண்டு. பெரிய விவகாரம் என்றால், உங்கள் வேலை ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது; ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் விதி மாறும்.

பெண்களுக்கு மேடை எவ்வளவு திறந்திருக்கிறது?

2023 நவம்பரில் ‘டெவ்டெர்னிட்டி’ என்ற சர்வதேச ஆன்லைன் மாநாடு உலகச் செய்தியானது. பேச்சாளர் பட்டியலில் இருந்த சில பெண்கள் நிஜத்தில் இருப்பதாகத் தெரியவில்லை, போலி விவரங்கள் போல இருக்கின்றன என்று வெளியானதும், பிரபல பேச்சாளர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். மாநாடே ரத்தானது. நிஜப் பெண்களைத் தேடுவதைவிடப் போலிப் பெயர் போடுவது சுலபமாக இருந்ததா என்ற கேள்வி அப்போது எழுந்தது.

தேடினால் கிடைப்பார்கள் என்பதற்கும் சான்று இருக்கிறது. பெர்லினில் நடந்த ஜேஎஸ்கான்ஃப் ஈயூ மாநாட்டில், 2012-இல் பெண்களைத் தனியாக அணுகி விண்ணப்பிக்கச் சொன்னார்கள். பிறகு பெயரை மறைத்து, சுருக்கத்தை மட்டும் படித்துத் தேர்வு செய்தார்கள். பேச்சாளர்களில் 25 சதவீதம் பேர் பெண்களாக அமைந்தார்கள். தகுதியைக் குறைத்து அல்ல, அழைப்பைக் கூட்டித்தான் அது நடந்தது.

பாதுகாப்பு பற்றியும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, வேலை நிமித்தமாக ஊழியர் செல்லும் எந்த இடத்தையும் ‘பணியிடம்’ என்றே சொல்கிறது. நிறுவனம் ஏற்பாடு செய்த பயணமும் அதில் அடக்கம். கம்பெனி அனுப்பி நீங்கள் போன மாநாட்டு அரங்கும், வேலையின் பகுதியாகப் போன இரவு விருந்தும் இதற்குள் வரும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் உங்கள் நிறுவனத்தின் உள்புகார் குழுவிடம் எழுத்தில் புகார் தரலாம். ‘அது ஆபீஸுக்கு வெளியே நடந்தது’ என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை.

பேசாமல், கேட்க மட்டும் போனால்?

அதுவும் வீண் இல்லை. ஆனால் போவதற்கு முன் இரண்டு முடிவுகளை எடுத்துவிடுங்கள். முதலாவது, எந்த ஒரு பிரச்னைக்குப் பதில் தேடிப் போகிறீர்கள்? கீநோட்டின் வீடியோ பின்னர் பெரும்பாலும் யூடியூபில் வந்துவிடும். காபி இடைவேளையில் நடக்கும் பேச்சு வராது. உங்களைப் போலவே அதே மென்பொருளோடு மல்லுக்கட்டும் இரண்டு பேரைப் பிடித்துப் பேசினால், டிக்கெட் காசு வந்துவிட்டது.

இரண்டாவது, உங்கள் பேட்ஜை யார் ஸ்கேன் செய்ய விடுவீர்கள்? ஸ்டாலில் டீஷர்ட் தரும்போது ‘ஒரு ஸ்கேன் பண்ணிக்கலாமா?’ என்பார்கள். அந்த நொடியில் உங்கள் பெயர், பதவி, போன் நம்பர் எல்லாம் அவர்களது விற்பனைப் பட்டியலில் சேர்ந்துவிடலாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை ‘வேண்டாம்’ என்று சொல்லும் பழக்கம்தான் கையில் இருக்கும் பாதுகாப்பு.

“ஆனா எனக்கு இங்கிலீஷ்ல அவ்வளவா வராதே...”

பலரைத் தடுப்பது லீகல் டீம் அல்ல, இந்த வரிதான். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவருக்கு, மேடையில் ஒரு சொல் தடுக்கினால் மானம் போய்விடும் என்ற பயம். ஆனால் தொழில்நுட்ப அரங்கில் உட்கார்ந்திருப்பவர் கேட்க வந்தது உச்சரிப்பை அல்ல. டேட்டா மாற்றும் இரவில் என்ன உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், மறுபடி செய்வதாக இருந்தால் எதை மாற்றிச் செய்வீர்கள் என்ற மூன்றையும்தான். அவை உங்களிடம் இருக்கின்றன. விற்பனைப் பேச்சாளரிடம் இல்லை.

பழகிக்கொள்ள இடங்களும் உண்டு. சென்னைப் பைத்தான்காரர்களின் ‘சென்னைபை’, லினக்ஸ் பயனர்களின் ஐஎல்யூஜிசி, தமிழிலேயே பேசலாம் என்ற காஞ்சி லினக்ஸ் குழு என்று சின்னச் சின்னக் கூட்டங்கள் நடக்கின்றன. 20 பேர் முன்னால் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்த விஷயம், 200 பேர் முன்னால் ஆங்கிலத்தில் சொல்லும்போது அவ்வளவு பயமுறுத்தாது.

கோவில்பட்டிப் பெண் என்ன செய்யலாம்?

ஸ்லைடிலிருந்து கிளையன்ட்டின் பெயரை மட்டுமல்ல, ஊரையும் வருடத்தையும் எடுத்துவிடலாம். வெறும் டெம்ப்ளேட்டில், தன் லேப்டாப்பில், தன் நேரத்தில் புதிதாகச் செய்யலாம். மேனேஜருக்கு அந்த 30 நிமிடத்தின் சுருக்கத்தை ஒரே பக்கத்தில் அனுப்பி, ‘இதைத் தனிப்பட்ட முறையில் பேச அனுமதி வேண்டும், இந்தத் தேதிக்குள் பதில் தேவை’ என்று எழுதிக் கேட்கலாம். அமைப்பாளரின் படிவத்தில் ‘அனைத்து உரிமைகளும்’ என்ற சொற்களை மாற்றித் தரச் சொல்லலாம்.

இத்தனை செய்தும் அனுமதி வராமல் போகலாம். அப்படி வந்தால், ‘இல்லை’ என்ற பதிலையாவது எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். எந்த வரி சிக்கல் என்று தெரிந்தால், அடுத்த சிஎஃப்பிக்கு அந்த வரி இல்லாத உரையோடு போகலாம். இரண்டு வருடம் ராப்பகலாக உழைத்தவர் அவர். சொல்வதற்கு அவரிடம் இன்னும் நிறைய இருக்கும்.